மறுநாள் கேட்ட கச்சேரி

ராம நவமிக்கும் நவராத்திரிக்கும் மாம்பலம், மயிலாப்பூர்ப் பக்கம் நடக்கும் சின்னக் கச்சேரிகளை லேப்டாப்பில் பதிவு செய்துகொண்டு அலைந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. 2005-ஐ ஒட்டிய வருடங்கள். மிக்ஸர்காரர் இரண்டு ஒயர் கொடுப்பார். அதை யூஎஸ்பி ஆடியோ பெட்டியில் செருகி, ஆடாசிட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுவேன். மிருதங்கக்காரர் தொப்பியில் ரவை அப்பி, வலந்தலையைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கிற நேரம்தான் நானும் லெவல் பார்க்கிற நேரம். அவர் ஓங்கி அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் வைத்துக்கொள்வேன். பாடகர் தார ஸ்தாயிக்குப் போய்க் குரலைத் திறந்தால் அந்த இடம் தேவைப்படும். பூஜ்யத்தில் முட்டிக் கிழிந்த குரலைப் பழையபடி ஆக்க வழியில்லை.

பேட்டரிதான் பெரிய கவலை. சார்ஜரைச் செருகினால் மிக்ஸர் ஒயரோடு சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் ஹம் அடியில் உறுமத் தொடங்கிவிடும். கழற்றினால் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த லேப்டாப் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தாலே அதிகம், கச்சேரியோ இரண்டரை மணி. அதனால் தனி ஆவர்த்தனம் எப்போது வரும் என்று காத்திருப்பேன். பாதிக் கூட்டம் காபிக்கு எழுந்து போகிற அந்த நேரத்தில் சார்ஜரைச் செருகிவிடுவேன். மிருதங்கமும் கடமும் பொரிந்து தள்ளும்போது ஹம் யார் காதுக்கும் எட்டாது. கோர்வை முடிந்து பாட்டை எடுப்பதற்குள் கழற்றியாக வேண்டும். சார்ஜருக்குப் பயந்து தாளம் போட்டுக்கொண்டே உட்கார்ந்ததில்தான் எனக்குத் தனி கேட்கப் பழகியது.

மறுநாள் ராத்திரி ஹெட்ஃபோனோடு உட்கார்ந்தால் கச்சேரி முழுதும் திரையில் நீளமாகக் கிடக்கும். ஆலாபனை மெல்லிசாக ஊரும், தனி முள்ளு முள்ளாக நிற்கும், கைதட்டல் மொத்தையாக இருக்கும். பாட்டுகளுக்கு நடுவே வருகிற இருமல், மைக் சரிசெய்வது, செயலாளரின் அறிவிப்பு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். அது லேசுப்பட்ட வேலை இல்லை. பாட்டு நின்றாலும் தம்புரா நிற்காது. கண்ட இடத்தில் வெட்டினால் சுருதி தடுக்கி விழும். பஞ்சமத் தந்தியின் மீட்டில் வெட்டி இன்னொரு பஞ்சம மீட்டில் ஒட்டினால்தான் சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று வரிசை பிசகாமல் ஓடும். அதன்மேல் பொடியாக ஒரு கிராஸ்ஃபேட். ஒட்டு தெரிகிறதா என்று அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன்.

அப்படி ஓட்டும்போதுதான் பலதும் காதில் விழும். ஒரு தோடியில் பாடகர் காந்தாரத்தில் நின்றுவிட்டு மூச்சு வாங்குகிறார். வயலின்காரர் வில்லை எடுக்காமல் அந்த ஸ்வரத்தை இழையாகப் பிடித்துக்கொண்டே இருக்கிறார், அடுத்த பிடி கிளம்பும்வரை. முந்தின நாள் பந்தலில், ஆட்டோ ஹாரனுக்கு நடுவே, பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு அது கேட்கவே இல்லை. பிறகு சிடி. ஒன்றில் 80 நிமிஷம்தான் கொள்ளும், எங்கே பிரிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்வேன். ராகம் தானம் பல்லவியை மட்டும் உடைக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

இப்போது அந்தச் சபாக்களே நேரலை செய்துவிடுகின்றன. மங்களம் முடிந்து நான் வீட்டுக்கு வருவதற்குள் முழுக் கச்சேரியும் போனுக்கு வந்துவிடுகிறது. டொராண்டோவில் இருக்கிற என் தங்கை என்னோடு சேர்ந்தே கேட்கிறாள். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்புறம் கேட்கலாம் என்று சேர்த்து வைத்ததில் ஒன்றைக்கூட இரண்டாம் தடவை நான் கேட்டதில்லை. கேட்டே ஆக வேண்டிய வேலை எதுவும் இல்லை அல்லவா. இந்த டிசம்பரில் எந்தச் சபாக்காரராவது கூப்பிட்டு, "சார், இதைக் கொஞ்சம் வெட்டி ஒட்டிக் கொடுங்களேன்" என்று சொன்னால், காபிகூட எதிர்பார்க்காமல் செய்து கொடுப்பேன்.