பாகாலாச் சாலையில் மிதிவண்டி

திருப்பதி யாத்திரை செய்யும் தமிழர்களுக்குப் பாகாலா என்னும் பெயர் புதியதன்று. காட்பாடியில் வண்டியேறிச் சித்தூரைக் கடந்தவர்கள், சந்திரகிரிக்கு முன்பாக இந்தச் சந்திப்பைப் பலகணி வழியே பார்த்திருப்பார்கள். பீலேர், கதிரி வழியாகத் தர்மாவரம் செல்லும் இருப்புப்பாதை இங்கிருந்துதான் பிரிகின்றது. ஆயினும் பார்த்தவர்களுள் இறங்கியவர்கள் மிகச் சிலரே. வேங்கடமலை இன்னும் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் அழைத்துக்கொண்டிருக்கும்போது இடையிலுள்ள சிற்றூரில் எவர்தாம் இறங்குவர்? நாம் இறங்கினோம். இரண்டு நாட்கள் தங்கி ஊரையும் சுற்றுப்புறத்தையும் கண்டு வந்தோம்.

வடார்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்து 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சென்றது. 2022இல் திருப்பதி மாவட்டம் புதிதாகத் தோன்றிய பின் பாகாலா அதற்குள் அடங்கியுள்ளது. ஊரின் மொழி தெலுங்கு. ஆனால் கடைத்தெருவில் தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை தருவோர் பலர் இருக்கின்றனர். இப்பக்கத்துக் குன்றுகளில் பிறக்கும் சுவர்ணமுகி ஆறு திருப்பதியையும் காளத்தியையும் தொட்டுக்கொண்டு கடலுக்குச் செல்கின்றது. அருகிலுள்ள தாமலசெருவு மாம்பழச் சந்தைக்குப் பெயர் பெற்றது. காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் பெரும் ராடார் ஒன்றை நிறுவி, மேகத்திற்கும் அப்பாலுள்ள காற்றின் ஓட்டத்தை அளந்து வருகின்றது.

இவ்வூர்ப் பக்கங்களில் நம் கண்ணைக் கவர்ந்தவை மிதிவண்டிகள். மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் அவை மறைந்துவிடவில்லை. இருபுறமும் பால் கேன்கள் தொங்க முதியவர்கள் மிதித்து வருகிறார்கள். பள்ளி விட்டதும் சீருடையணிந்த சிறுமியர் இருவர் இருவராகப் பேசிக்கொண்டே செல்கிறார்கள். கீரைக்கட்டும் புல்கட்டும் சுமந்து செல்லும் வண்டிகளில், ஓட்டுபவரின் தலை மட்டுமே வெளியே தெரிகின்றது. எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் இவர்களுக்குக் கவலையில்லை. ஆனால் சாலையைப் பற்றிய கவலை உண்டு. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலை இப்போது அகன்று விரிந்து, நடுவே திட்டுடன் விளங்குகின்றது. அச்சாலையோரத்தில் நாம் நின்றிருந்தபோது, பால் கேன்களுடன் ஒரு பெரியவர் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார். லாரிகள் ஒலியெழுப்பியவாறு அவரை உரசுவதுபோலச் சென்றன. அவரோ சிறிதும் கலங்காமல் வந்து, நம்மருகில் இறங்கி மூச்சு வாங்கினார்.

“பெரியவரே, இப்படி எதிரே வரலாமா? லாரிக்காரன் ஒரு கணம் அயர்ந்தால் என்னாவது?” என்று வினவினோம்.

“என்ன செய்வது சாமி? முறைப்படி போகவேண்டுமென்றால், திட்டு திறந்திருக்கும் இடம் வரைக்கும் போய்த் திரும்பி வரவேண்டும். மோட்டாருக்கு அது ஒரு நிமிஷம். எனக்கு அரைமணி நேரம். பால் காத்திருக்குமா? மேலும், எனக்கு லைசென்சும் இல்லை, நம்பரும் இல்லை. சட்டமெல்லாம் மோட்டார்காரர்களுக்குத்தானே!” என்றார் அவர்.

இந்தச் சில சொற்களில் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கின்றது. அவர் கூறியவற்றுள் ஒன்று குறை. மற்றொன்று வாதம். குறை நியாயமானது. வாதம் நியாயமானதா என்பதை முதலில் ஆராய்வோம்.

மிதிவண்டி ஓட்ட உரிமம் வேண்டியதில்லை என்பது உண்மையே. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பெயருக்கேற்ப மோட்டார் வாகனங்களைப் பற்றியே பெரும்பாலும் பேசுகின்றது. பழைய சென்னை மாகாணத்து நகரசபைகளில் சைக்கிளுக்கு வரி கட்டி, தகட்டு வில்லை வாங்கிப் பொருத்திய காலத்தை நம் வீட்டுப் பெரியோர் நினைவுகூர்வர். இரவில் விளக்கில்லாமல் சென்றாலும், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ‘டபிள்ஸ்’ சென்றாலும் காவலர் பிடிப்பார் என்ற அச்சம் அக்காலத்தில் இருந்தது. வில்லையும் போயிற்று; அச்சமும் போயிற்று. ஆனால் சட்டம் முற்றிலும் போய்விடவில்லை. பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவோரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு தண்டித்து வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவும் அதனையே கூறுகின்றது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். மோட்டார் வாகனம் என்று அப்பிரிவு சொல்லவில்லை. எந்த வாகனமானாலும் அதற்குள் அடங்கும். ஆகவே, சட்டம் எனக்கில்லை என்று மிதிவண்டிக்காரர் எவரும் கூறுவதற்கில்லை.

எனினும், தண்டனைக்கு அஞ்சித்தான் விதியைக் காக்கவேண்டும் என்று நாம் கூறவரவில்லை. காவலர் இல்லாத கிராமச் சாலையில் அந்த அச்சத்தால் என்ன பயன்? விதி ஏன் ஏற்பட்டது என்பதை அறிந்துகொண்டால், காவலர் இல்லாத இடத்திலும் அது நிற்கும்.

பெரியவரின் எதிர்த்திசைப் பயணத்தையே கணக்கிட்டுப் பார்ப்போம். லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகவும், மிதிவண்டி 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே திசையில் சென்றால், லாரி மிதிவண்டியை நெருங்கும் வேகம் 45 கிலோமீட்டர். எதிரெதிரே வந்தால் அதுவே 75 கிலோமீட்டர் ஆகிவிடும். நூறு மீட்டர் இடைவெளி இருக்கும்போது ஓட்டுநர் மிதிவண்டியைக் கண்டால், முதல் நிலையில் அவருக்கு எட்டு விநாடிகள் கிடைக்கும். இரண்டாம் நிலையில் ஐந்து விநாடி கூடக் கிடைக்காது. இந்த மூன்று விநாடிகளில்தான் ஓர் உயிர் ஊசலாடுகின்றது.

“எதிரே வந்தால் லாரியை நான் பார்த்துக்கொள்ளலாமே” என்று சிலர் வாதிப்பர். நடந்து செல்வோருக்கு அது பொருந்தும். அவர்கள் ஓரடி பக்கத்தில் எடுத்து வைத்து ஒதுங்கிவிடலாம். மிதிவண்டியால் பக்கவாட்டில் நகரமுடியாது; அதுவும் பால் கேன்கள் இருபுறமும் தொங்கும்போது திருப்புவதே கடினம். அன்றியும், ஊர்ச்சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் இடப்பக்கமாகத் திரும்பும் ஓட்டுநர், வண்டிகள் வரவேண்டிய வலப்பக்கத்தையே பார்த்துத் திரும்புகிறார். இடப்பக்கத்திலிருந்து ஒருவர் வருவார் என்று அவர் எண்ணுவதில்லை. எண்ணாத இடத்தில் நிற்பவனைக் கண் இருந்தும் காண்பதரிது. நான் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பதை முன்பின் அறியாத ஒருவருக்குச் சொல்லும் மொழியே சாலைவிதி. அம்மொழியைப் பேச மறுப்பவன் தன்னையே மறைத்துக்கொள்கிறான்.

மூடிய ரயில் கேட்டின் அடியில் வண்டியைச் சாய்த்து நுழைத்துச் செல்லும் வழக்கம், இருப்புப்பாதை குறுக்கிடும் ஊர்கள் பலவற்றில் உண்டு. ரயில்வே சட்டப்படி அது அத்துமீறல். லாரியாவது திரும்ப முயலும். ரயில் வண்டியால் விலகவே இயலாது. இரட்டைப் பாதையுள்ள இடத்தில் ஒரு வண்டி போனதும் எழுந்து ஓடுகிறவன், மறுபாதையில் வருவதைக் காண்பதில்லை.

இனிப் பெரியவரின் குறைக்கு வருவோம். இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் மிதிவண்டியில் சென்றோர் மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். இவர்களெல்லாம் விதியை மீறியதால் மாண்டார்கள் என்று எவரும் சொல்லமுடியாது. இடப்பக்கமாக ஒழுங்காகச் சென்றவனைப் பின்னால் வந்து மோதிய வண்டிகள் எத்தனையோ! நெடுஞ்சாலை அமைப்போர் காரையும் லாரியையும் எண்ணித் திட்டமிடுகின்றனர். பால் கொண்டு செல்பவரை எண்ணுவதில்லை. சில நகரங்களில் மிதிவண்டியையே விலக்கிவிடுகின்றனர். கொல்கத்தாவில் 2013ஆம் ஆண்டில் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்தார்கள். எதிர்ப்பு எழுந்த பின்னரே சாலைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஏழையின் வாகனத்தை இடையூறு என்று கருதும் சட்டத்தை ஏழை மதிக்கவில்லையென்றால், குற்றம் முழுவதும் அவனுடையதாகாது.

பிற நாடுகளில் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தார்கள்? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982ஆம் ஆண்டிலேயே ஒரு சலுகை அளித்தது. ‘நில்’ என்ற பலகையைக் காணும் மிதிவண்டிக்காரர், குறுக்கே எவரும் வராவிடில் முழுவதும் நிற்காமல் மெல்லக் கடக்கலாம். பிறர் வந்தால் வழிவிடவேண்டும். 2017இல் டெலாவேரும் அவ்வழியைப் பின்பற்றிற்று. இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அச்சலுகையை அவர்கள் சட்டத்தின் வாயிலாகவே பெற்றார்கள். ஆளுக்கொரு சட்டம் செய்துகொள்ளவில்லை.

நெதர்லாந்தின் முறை இன்னும் சிறந்தது. 1970களில் சாலைகளில் குழந்தைகள் மாண்டதைக் கண்டு பெற்றோர்கள் கிளர்ந்தெழுந்தனர். மிதிவண்டிக்கெனத் தனிப் பாதைகள் பெருகின. அந்நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, மோட்டார் வண்டி மிதிவண்டிக்காரர் மீது மோதினால், தவிர்க்கவே முடியாத நிகழ்ச்சி என்று மெய்ப்பித்தாலன்றி, இழப்பீட்டுப் பொறுப்பு மோட்டார் வண்டியினரையே சாரும். பெரிய வண்டிக்குப் பெரிய பொறுப்பு என்பது இதன் கருத்து. ஆனால் அதே நாட்டில், இரவில் விளக்கில்லாமல் செல்லும் மிதிவண்டிக்காரருக்கு அபராதம் உண்டு. கைபேசியைக் கையில் பிடித்தபடி மிதிவண்டி ஓட்டுவதும் 2019 முதல் குற்றம். பாதுகாப்பும் கடமையும் அங்கே கைகோத்துச் செல்கின்றன.

நம்மவர் பெருந்தொகையினராக வாழும் சிங்கப்பூரில், பொதுச்சாலையில் மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது 2019 முதல் கட்டாயம். 2022 முதல், கூட்டமாகச் செல்வோர் ஐந்து வண்டி நீளத்துக்கு மேல் அணிவகுக்கக் கூடாது. மீறினால் 150 வெள்ளி அபராதம். அங்கு இவ்விதிகளுக்கெல்லாம் அடங்கி நடக்கும் நம்மவருள் சிலர், விடுமுறைக்குச் சொந்த ஊர் வந்ததும், மாமா வீட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, விளக்கும் மணியும் இன்றி, சாலையின் எந்தப் பக்கத்திலும் பறக்கிறார்கள். பிள்ளைகளும் அதையே பார்த்துக் கற்கிறார்கள். அபராதம் உள்ள இடத்தில் மட்டும் ஒழுக்கம், இல்லாத இடத்தில் இல்லையென்றால், அது ஒழுக்கமாகுமா? அதே வேளையில், அந்நகரில் பூங்காக்களை இணைத்து மிதிவண்டிப் பாதைகள் அமைத்துக் கொடுத்த பின்னரே இத்தனை விதிகளையும் விதித்தார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பிறர் தயவை எதிர்பார்த்திருந்த நிலை மாறிற்று. பின்னர்த் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே மிதிவண்டி வழங்கியது. இத்தகைய விடுதலையைத் தந்த வாகனம் அச்சத்தின் காரணமாகக் கைவிடப்படலாகாது. வண்டி கொடுக்கும் நாளிலேயே சாலைப் பாடமும் கொடுக்கவேண்டும். இடப்பக்க ஓரம், திரும்புமுன் கையால் காட்டுதல், முன்விளக்கு, பின்னால் சிவப்பு ஒளித்தகடு, இருவராகப் பேசிச் சென்றாலும் வண்டி வந்தால் ஒருவர் பின் ஒருவராதல் — இவ்வளவே பாடம். ஒரு பள்ளி நேரத்தில் சொல்லி முடிக்கலாம்.

பால்காரப் பெரியவரிடம் நாம் சொன்னதும் இதுதான்: “திட்டைச் சுற்றிப் போக முடியாவிட்டால், அந்த இருநூறு முந்நூறு மீட்டர் மட்டும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண் ஓரத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். தள்ளும்போது நீங்கள் நடப்பவர். எதிரே வருவது தவறாகாது.” அவர் சற்று யோசித்தார்.

“இறங்குவது எளிது சாமி. இந்தப் பாரத்தோடு மறுபடி ஏறுவதுதான் பெரும்பாடு. ஆனால் மழைநாளில் அப்படித்தான் செய்கிறேன். வெயில் நாளிலும் செய்யலாம்தான்” என்றார். பிறகு, “அந்த இடத்தில் அடியில் ஒரு வழி விடச் சொல்லி எழுதுங்களேன்” என்றும் கூறினார்.

எழுதிவிட்டோம். சாலை அமைக்கும் அதிகாரிகளுக்கு அவருடைய கோரிக்கை சேரவேண்டும். ஊராட்சியின் வாயிலாக ஊரார் மனுச் செய்யவும் வேண்டும். ஒழுங்காகச் செல்வோரின் மனுவுக்கு வலிமை மிகுதி. ஆனால் வழி அமையும் வரையில் உயிர் காத்திருக்காது. ஆகையால் மிதிவண்டியினர் விதியைக் காக்கட்டும்; விதி செய்வோர் மிதிவண்டியினரைக் காக்கட்டும். இரண்டுள் ஒன்று நிறைவேறும்வரை மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்த விடுமுறையில் திருப்பதிக்குக் காரில் செல்லும் சங்கக் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். பாகாலாப் பக்கம் மாலை மங்கும் வேளையில், சாலையோரத்தில் கேன்களுடன் ஒரு மிதிவண்டி தெரிந்தால், ஓட்டுநரிடம் வேகத்தைக் குறைத்து ஒரு கை அகலம் கூடுதலாக விலகிச் செல்லச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கும்போது, விளக்கையும் அதனுடனேயே வாங்கிவிடுங்கள்.