கட்டைவிரலும் ஸ்டியரிங்கும்

31 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவர், ஐந்தே நிமிடங்களில் மூன்று முறை சாலையை விட்டு இறங்கி வண்டியைக் கவிழ்த்தார் என்றால் எவரும் நம்பமாட்டார். நாம் நம்ப வேண்டியதாயிற்று. ஏனெனில், அது நம் வீட்டுக் கூடத்தில், நம் கண்ணெதிரே நடந்தது. கவிழ்ந்தது தொலைக்காட்சித் திரையிலே ஓடிய லாரி. ஓட்டியவர் நம் அண்ணன்.

அண்ணனுக்கு 2021ஆம் ஆண்டில் பக்கவாதம் கண்டது. உயிருக்கு வந்த ஆபத்து நீங்கிற்று. நடையும் ஓரளவு மீண்டது. இடக்கை மட்டும் முழுமையாக மீளவில்லை. விரல்கள் மடங்கும், நீளும். ஆனால், நினைத்த அளவில் நிற்கமாட்டா. சிறு நடுக்கமும் உண்டு. சொந்த லாரி கொட்டகையில் நின்றது. சாவி சுவர் ஆணியில் தொங்கியது. அவருடைய பேச்சும் அந்தச் சாவியோடு சேர்ந்து தொங்கிவிட்டதோ என்று நமக்குத் தோன்றும். லாரியை விற்றுவிடலாம் என்று அவருடைய மக்களும் நாமும் முடிவு செய்திருந்தோம். அவர் மனம் வருந்தக்கூடாதே என்று அவரிடம் சொல்லவில்லை.

அவ்வாண்டு இறுதி விடுமுறையில் நம் பேரன் வந்தான். மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ என்னும் விளையாட்டை ஆடலானான். செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் நிறுவனம் 2012ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்டது இது. இதில் துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை. சரக்கேற்றிக்கொண்டு ஐரோப்பிய நகரங்களுக்கிடையே லாரி ஓட்டவேண்டும்; அவ்வளவே. வேக வரம்பை மீறினால் அபராதம். சரக்கு சேதமுற்றால் கூலி குறையும். ஓய்வின்றி ஓட்டினால் ஓட்டுநருக்குக் கண் சொக்கும்.

“அட, இது நம்ம பொழப்பால்ல இருக்கு!” என்றவாறு அண்ணன் வந்து அமர்ந்தார். பல மாதங்களுக்குப்பின் அவர் தாமாகப் பேசிய பேச்சு அது. பேரன் மகிழ்ந்து கேம்பேடை அவர் கையில் கொடுத்தான். அதன் பின்னர் நடந்ததைத்தான் முதலில் கூறினோம்.

மூன்றாம் முறை வண்டி கவிழ்ந்ததும் கேம்பேடைப் பாயில் வைத்துவிட்டு, “எனக்கு வண்டி ஓட்ட மறந்து போச்சுத்தா” என்றார். அச்சொல் நம்மை உறங்கவிடவில்லை. மறந்தது அவரா, மாறியது கருவியா என்று மறுநாள் பேரனிடம் கேட்டோம். அவன் விளக்கினான்.

லாரியின் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்புவதற்குப் பல முழுச் சுற்றுகள் வேண்டும். விளையாட்டுக்கென விற்கப்படும் சக்கரங்களிலும் நல்லவை 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்று சுழல்வன. கேம்பேடிலோ அவ்வளவு திருப்பமும், கட்டைவிரலின் கீழுள்ள ஒரு சிறு குமிழின் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த அசைவுக்குள் அடங்கவேண்டும். இரு தோள்களும் செய்த வேலையை ஒரு விரலின் நுனி செய்யவேண்டியிருக்கிறது. 1974இல் அடாரி வெளியிட்ட ‘கிரான் டிராக் 10’ என்னும் பழைய கார் விளையாட்டில்கூட ஓட்டுவதற்குச் சக்கரமே இருந்தது. கையடக்கக் கருவி வந்த பின்னர்தான் இந்தச் சுருக்கமும் வந்தது.

குமிழுக்கு அடியில் மின்தடையை மாற்றும் இரு சிறு உறுப்புகள் உள்ளன. ஒன்று இட வல அசைவையும், மற்றொன்று மேல் கீழ் அசைவையும் அளக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் வகைக் கருவியில் அவ்வசைவு -32768 முதல் 32767 வரையுள்ள ஓர் எண்ணாகக் கணினிக்குச் செல்கிறது. நடுங்கும் விரலின் ஒவ்வொரு நடுக்கமும் ஓர் எண். கணினி அதனை நடுக்கமென்று அறியாது, கட்டளையென்றே கொள்ளும். பேரனோ தன் இளங்கைக்கேற்பச் சென்சிடிவிட்டியை மிக உயர்த்தி வைத்திருந்தான். அவன் விரலுக்குச் சிட்டாகப் பறந்த லாரி, அண்ணனின் விரலுக்கு மிரண்ட மாடாயிற்று.

இதுதானே குறை என்று நாமும் பேரனும் கலந்து, அந்தச் சென்சிடிவிட்டிப் பட்டையை அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டோம். அன்று மாலை அண்ணனை வற்புறுத்தி அமர்த்தினோம். நேர்சாலையில் வண்டி அமைதியாகச் சென்றது. நம் உள்ளம் குளிர்ந்தது. முதல் சந்திப்பு வந்தது. அண்ணன் குமிழை முழுதும் சாய்த்தார், லாரி திரும்பவில்லை. நேரே போய்த் தடுப்பில் மோதி நின்றது.

அண்ணன் நம்மைத் திரும்பிப் பார்த்தார். “ஸ்டியரிங்கைக் கட்டி வச்சிட்டு ஓட்டுன்னா எப்படித் தம்பி? ரெண்டு பேரும் சேந்து எனக்கு நடைவண்டி செஞ்சு குடுத்திருக்கீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்றிரவு பேரன் இரண்டாவது பட்டையைக் காட்டினான். நான்-லீனியாரிட்டி என்று அதற்குப் பெயர். குமிழ் பாதி சாய்ந்தால் சக்கரமும் பாதி திரும்புவது நேர் விகிதம். இதுவோ அந்த நேர்கோட்டை வளைக்கிறது. வர்க்கக் கணக்கை உதாரணமாகக் கொண்டால் எளிதில் விளங்கும்: விரல் 20 விழுக்காடு சாய்ந்தால் சக்கரம் 4 விழுக்காடே திரும்பும், 50 சாய்ந்தால் 25, முழு 100 சாய்ந்தால் முழு 100. நடுவிலே மென்மை, விளிம்பிலே முழு வலிமை. நாம் செய்த பிழை அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது. நடுக்கத்தைக் குறைக்க எண்ணி, வலிமையையும் சேர்த்தே பறித்திருந்தோம்.

இம்முறை நாமாக எதையும் திருத்தவில்லை. அண்ணனை அருகே அழைத்து, மூன்று பட்டைகளையும் காட்டி, “நீங்களே சொல்லுங்கள்” என்றோம். மூன்றாவது, டெட் ஸோன். குமிழ் நடுவிலிருந்து குறிப்பிட்ட அளவு நகரும்வரை கணினி அதனைப் பொருட்படுத்தாதிருக்கும் எல்லை அது. இடக் குமிழுக்கு 7849 என மைக்ரோசாஃப்ட் நிரல் எழுதுவோருக்குப் பரிந்துரைத்தது; முழு அளவில் ஏறத்தாழ 24 விழுக்காடு. இதைப் பேரன் விளக்கி முடிக்குமுன்னரே அண்ணன் சிரித்துவிட்டார்.

“இது ஸ்டியரிங் பிளேதானேத்தா? கொஞ்சமும் இல்லாட்டி மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வண்டி உதறும். அதிகமாப் போனா, நாம திருப்புறது வண்டிக்குத் தெரியாது” என்றார்.

நாமும் பேரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதன் பின்னர் அவர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்கின் தலைமாட்டில் நிற்பவரைப்போல, “இன்னும் ஒரு துளி; போதும்; பின்னால வா” என்று சொல்லச் சொல்ல, பேரன் பட்டைகளை நகர்த்தினான். மூன்று மாலைகள் இவ்வாறு கழிந்தன. வளைவு பாதிக்கு மேல் சென்றது. சென்சிடிவிட்டி நடுவுக்கு மீண்டது. டெட் ஸோன் நடுக்கத்தை மட்டும் விழுங்கும் அளவில் நின்றது. வலக்கைக் குமிழுக்கு ஸ்டியரிங்கை மாற்றிவிடலாம் என்று பேரன் கூறியதை அண்ணன் ஏற்கவில்லை. “இந்தக் கையும் நம்ம கைதான்” என்றார்.

ஒன்றை அவர் தாமே கண்டறிந்தார். மெய்யான லாரியில் வளைவு தீர்ந்ததும் சக்கரம் உள்ளங்கையில் வழுக்கியவாறு தானே நேராகும். குமிழோ விரலை எடுத்ததும் வில்லின் விசையால் வெடுக்கென நடுவுக்குப் பாயும். ஆகவே விரலை எடுக்காமல், மெல்ல உடன் நடந்து நடுவுக்குக் கொண்டுவிட வேண்டும். எட்டு மாதங்களாக இதனை ஆடும் பேரன் அதை அன்றுதான் கற்றான்.

இது மருத்துவமென்று நாம் கூறவரவில்லை. அண்ணனின் கை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால், நான்காம் நாள் மாலை அவர் பிரான்சின் காலே துறைமுகத்தில் லாரியைக் கப்பலேற்றி, இங்கிலாந்தின் டோவரில் இறக்கினார். அதுகாறும் வலப்பக்கம் ஓடிய சாலை, அங்கே இடப்பக்கத்துக்கு மாறியது. “நம்ம பக்கம் வந்துட்டோம்!” என்று உரக்கச் சொன்னார். அடுக்களையிலிருந்த பெண்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

அவர்களோடு நாமும் சிரித்தோம். எனினும், உள்ளே ஒன்று உறுத்தியது. வீட்டில் நோயுற்றவரிடம் நாம் காட்டும் அன்பு பெரும்பாலும் அந்த முதற்பட்டையை அடிமட்டத்துக்கு இழுக்கும் அன்புதான். அவர் தடுமாறக்கூடாதென்று எண்ணி, அவரால் எதுவுமே திரும்பாதபடி செய்துவிடுகிறோம். அவர் மெல்லச் சொல்லும் சொற்களெல்லாம் நம் செவியின் டெட் ஸோனுக்குள் விழுந்து மறைகின்றன. அதற்கு நாம் இரக்கம் என்று பெயரும் சூட்டிவிடுகிறோம்.

மறுநாள் காலையில் அண்ணன் அருகே அமர்ந்து லாரி விற்கும் செய்தியைச் சொன்னோம். அவர் சற்றுநேரம் சுவர் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து நாளாத் தெரியும் தம்பி. நீ வந்து கேப்பேன்னு இருந்தேன்” என்றார். பின்னர், வாங்க வருபவர் சொல்லும் விலை என்னவென்று விசாரித்தார். நாம் சொன்னோம். அது குறைவு என்றார். டயர் நான்கும் புதியவை என்பதை நாம் எவரும் அறிந்திருக்கவில்லை. சாவியை ஆணியிலிருந்து தாமே எடுத்துக்கொண்டு, என்ஜினை ஓட்டிக் காட்டவேண்டுமென்று கொட்டகையை நோக்கி நடந்தார். நாம் பின்னால் சென்றோம்.