விசைப்பலகை கற்பித்த இலக்கணம்

தமிழ் எழுத்துகள் 247 என்று கேட்டதும், தமிழகத்துக்கு வெளியே வளரும் பிள்ளைகள் பலர் மலைத்துப்போவர். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று பிரித்துச் சொன்னாலும் அந்த மலைப்பு எளிதில் நீங்குவதில்லை. வீட்டில் தமிழ் பேசுகின்றனர். விளையாட்டுத் திடலில் இந்தி பேசுகின்றனர். பாடங்களை ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். தமிழ் அவர்கள் செவியில் இருக்கிறது, நாவில் இருக்கிறது, விரலுக்கு மட்டும் வந்து சேரவில்லை. அதனை விரலுக்குக் கொண்டுவர ஓர் ஆசிரியர் மேற்கொண்ட முயற்சியை இப்பாடம் கூறுகிறது.

மத்தியப் பிரதேசத்தில் நருமதை ஆற்றை ஒட்டியுள்ள நகரம் ஜபல்பூர். இரயில்வே மண்டலம் ஒன்றின் தலைமையகமும், படைத்தளவாடத் தொழிற்சாலைகளும் அங்கு உள்ளன. அங்குப் பணியாற்றும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பன்னிருவர், மத்திய அரசுப் பள்ளி ஒன்றில் தமிழை விருப்பப் பாடமாகப் பயின்றனர். ஆறாம் வகுப்பினரும் எட்டாம் வகுப்பினரும் ஒரே அறையில் அமர்ந்தனர். வாரத்துக்கு இரண்டே பாடவேளைகள். அவர்களுக்குத் தமிழ் கற்பிக்க மதுரையிலிருந்து வந்திருந்தார் அந்த ஆசிரியர்.

கருவிகளுக்கு அங்குக் குறைவில்லை. சுவரில் திறன்பலகை இருந்தது. இணைய இணைப்பும் இருந்தது. முன்பெல்லாம் ஒரு தமிழ்க் கதைநூல் வேண்டுமென்றால் ஊருக்குச் சென்று வருவோரிடம் சொல்லிவிட வேண்டும். 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்கும் நிறுவனத்தின் மின்நூலகத்தில் பல்லாயிரம் நூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆசிரியர் அவற்றைத் திரையில் காட்டினார். பிள்ளைகள் ஆவலுடன் பார்த்தனர். எழுதச் சொன்னபோதுதான் இடர்ப்பாடு தொடங்கியது.

'உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதுக' என்பது வீட்டுப்பாடம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாளையங்கோட்டையில் வாழும் தன் ஆச்சிக்குப் பத்து வரியில் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். ஒரு பிழைகூட இல்லை. அதை உரக்கப் படிக்கும்படி ஆசிரியர் கூறினார். மூன்றாம் வரியில் அவள் நின்றுவிட்டாள்.

"நான் பேசினேன், மேம். கைப்பேசிதான் எழுதியது" என்றாள்.

அக்கடிதம் ஆச்சிக்குச் சென்றது. பேத்தி தமிழில் எழுதிவிட்டாள் என்று மகிழ்ந்த ஆச்சி, இரண்டு பக்கம் தம் கைப்பட மறுமொழி எழுதினார். மாமா அதனைப் படம் எடுத்துக் கைப்பேசியில் அனுப்பினார். அப்பா வேலைமுறை முடிந்து வீடு திரும்பும்வரை மாணவி காத்திருந்தாள். ஆச்சி தனக்கென்று எழுதியதை அவள் அப்பாவின் குரலில்தான் கேட்க நேர்ந்தது.

வேறு சிலர், ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழ்ச் சொல்லை ஊகித்துத் தரும் செயலியைப் பயன்படுத்தினர். ல, ள, ழ ஆகிய மூன்றுக்கும் 'எல்' என்னும் ஒரே எழுத்தைத் தட்டினர். முதலில் தோன்றிய சொல்லையே தொட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றனர். 'மலை பெய்தது', 'பலம் தின்றேன்', 'பல்லிக்குச் சென்றேன்' என்றெல்லாம் ஏடுகளில் வந்தன.

ஆசிரியர் கைப்பேசியைக் குறை கூறவில்லை. பேச்சை எழுத்தாக்கும் வசதி, பார்வை இல்லாதவர்க்கும் முதியோர்க்கும் பெருந்துணை என்பதை அவர் அறிவார். எழுத்தைக் கற்கும் பருவத்தினருக்கு, எந்த எழுத்து வரவேண்டும் என்று எண்ணும் வேலையை அவர்களிடமே விட்டுவைக்கும் கருவி வேண்டும் என்பதே அவர் கருத்து. அத்தகைய கருவி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதுவே 'தமிழ்99' விசைப்பலகை.

சென்னையில் 1999ஆம் ஆண்டு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாக உருவானது அவ்விசைப்பலகை. அதில் 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம் என 31 விசைகளே தமிழ் எழுத்துகளுக்கு உரியவை. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்யெழுத்துகள் வலப்பக்கம். 'க' என்னும் விசையைத் தொட்டால் 'க' தோன்றும். அடுத்து 'இ' தொட்டால் 'கி' ஆகும். 'ஊ' தொட்டால் 'கூ' ஆகும். ஆய்த விசையைத் தொட்டால் புள்ளி பெற்று 'க்' ஆகும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்று இலக்கணம் கூறுவதை அங்கே விரல்கள் செய்து பார்க்கின்றன. 216 உயிர்மெய்களுக்கும் தனித்தனி விசை தேவையில்லை.

தமிழ்ப் பாடவேளையில் கணினி அறையில் இரண்டு கணினிகளே கிடைத்தன. பன்னிருவருக்கு அவை எப்படிப் போதும்? ஆசிரியர் பழைய அட்டைகளைக் கொண்டுவரச் செய்தார். பிள்ளைகள் அளவெடுத்துக் கட்டங்கள் வரைந்து, 31 எழுத்துகளையும் உரிய இடங்களில் எழுதினர். இருவர் இருவராகப் பிரிந்தனர். ஒருவர் அட்டை விசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். மற்றவர் கரும்பலகை அருகில் நின்று, கணினித் திரையில் என்ன தோன்றுமோ அதை எழுதுவார். அவருக்கு 'கணினி' என்று பெயர். கணினியாக இருப்பதற்கே எல்லோரும் போட்டியிட்டனர். ஆனால், விதி தெரியாமல் கணினியாக இருக்க முடியாதே! அதனால் விதிகளைத் தாமே கேட்டுக் கற்றனர்.

முதல் விதி இரட்டித்தல் பற்றியது. ஒரே மெய் விசையை அடுத்தடுத்துத் தொட்டால், முதல் எழுத்து தானாகப் புள்ளி பெறும். அ, ம, ம, ஆ என நான்கு விசைகளில் 'அம்மா' வந்துவிடும். அடுத்த விதி இன எழுத்துகள் பற்றியது. ஙகரத்தை அடுத்துக் ககரம், ஞகரத்தை அடுத்துச் சகரம், ணகரத்தை அடுத்து டகரம், நகரத்தை அடுத்துத் தகரம், மகரத்தை அடுத்துப் பகரம், னகரத்தை அடுத்து றகரம் வந்தால், முன்னுள்ள மெல்லின எழுத்து தானாகப் புள்ளி பெறும். வ, ண, ட, இ என்று தொட்டால் 'வண்டி'. ப, ந, த, உ என்று தொட்டால் 'பந்து'. க, ன, ற, உ என்று தொட்டால் 'கன்று'. 'மெல்லினத்துக்கு இனமான வல்லினம் யாது?' என்று மனப்பாடம் செய்து மறந்தவர்கள், இப்போது ஆறு இணைகளையும் தயக்கமின்றிக் கூறினர். பந்துக்கு எந்த 'ந', கன்றுக்கு எந்த 'ன' என்னும் குழப்பமும் குறைந்தது.

ஒருநாள் ஆறாம் வகுப்பு மாணவன் 'பப்பாளி' என்னும் சொல்லை எடுத்தான். ப, ப, ப, ஆ, ள, இ என்று தொட்டான். கணினியாக நின்ற மாணவி விதி பிறழாமல் 'ப்பபாளி' என்று எழுதினாள். வகுப்பே சிரித்தது.

"சொல்லின் முதலிலேயே புள்ளி வருமா?" என்றான் ஒருவன்.

"வராது. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை" என்றார் ஆசிரியர். முதற் பகரத்தை அடுத்து 'அ' தொட்டால், அதில் அகர உயிர் இருக்கிறது என்று கருவி அறிந்துகொள்ளும், புள்ளி வைக்காது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் பற்றிய பாடம் அன்று பப்பாளியில் தொடங்கியது.

விசைப்பலகையால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஆசிரியர் எண்ணவில்லை. தட்டச்சு செய்த ஒவ்வொரு பத்தியையும் ஏட்டில் கையால் எழுதச் செய்தார். சுழியும் வளைவும் கை அறிந்தால்தான் பிறர் கையெழுத்தைக் கண் அறியும் என்பார். பிழைகள் உடனே மறைந்துவிடவும் இல்லை. ஆனால், பிழை நேர்ந்த இடத்தைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்தனர்.

ஆண்டின் இறுதியில், ஆச்சிக்கு அந்த மாணவி மீண்டும் எழுதினாள். இம்முறை நான்கே வரிகள். அவற்றில் இரண்டு பிழைகள். மறுமொழி வந்தது. ஆச்சியின் கையெழுத்தில் புள்ளிகள் பல விடுபட்டிருந்தன. 'அபபா', 'பாடடு', 'தஙகம' என்றிருந்தன சொற்கள். ஓலைச்சுவடி எழுதியோரும் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினர். படிப்பவர்தாம் புள்ளியை அறிந்து படிக்கவேண்டும் என்று வகுப்பில் அவள் கேட்டிருந்தாள். ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி. ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ஙகரத்துக்குப் புள்ளி. அட்டையில் கற்ற விதியைக் கொண்டு ஆச்சியின் கடிதத்துக்கு அவளே புள்ளி வைத்தாள். இரண்டு பக்கத்தையும் படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்பா அருகில்தான் இருந்தார். அவரை அவள் கேட்கவில்லை.

மாணவர்களே! உங்கள் வீட்டுக் கணினியிலோ கைப்பேசியிலோ தமிழ்99 விசைப்பலகையைத் தெரிவு செய்யுங்கள். கருவி இல்லையெனில் அட்டை ஒன்று போதும். முதலில் உங்கள் பெயரையும், ஊரில் உள்ள தாத்தா, பாட்டியின் பெயர்களையும் எழுதுங்கள். எந்தப் பெயரில் புள்ளி தானாக வருகிறது, எந்தப் பெயரில் நீங்கள் வைக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அதற்கான காரணத்தை உங்கள் ஏட்டில் குறித்துவையுங்கள்.