விளையாட்டும் சமாதானமும்

விளையாட்டு என்றதும் கல்லூரி மைதானத்தை நினைக்கும் தலைமுறையினர் யாம். இக்கால மாணவர்க்கோ அது கைத்தொலைபேசிக்குள் இருக்கின்றது. சுடுதலும் வெடித்தலும் மலிந்த அவ்விளையாட்டுக்களைக் குறைகூறாத பெற்றார் அரியர். அக்குறை நியாயமானதே. எனினும் அதே கருவியை வேறொரு நோக்கத்துக்குத் திருப்பிய இளைஞர் ஒருவரும் உளர்.

அவர் பெயர் லுவால் மாயென். இன்று தென்சூடான் எனப்படும் நாட்டிலிருந்து பெற்றோர் போருக்கு அஞ்சி ஓடிய வழியிற் பிறந்தவர். வட உகண்டாவின் அகதி முகாமில் ஏறத்தாழ 22 ஆண்டுகள் வாழ்ந்தார். 2007-இல் அகதிகளைப் பதியும் நிலையமொன்றில் முதன்முதலாகக் கணனியைக் கண்டு, தமக்கும் ஒன்று வேண்டுமென்று தாயாரிடம் கேட்டார். அகதித் தாயிடம் கேட்கக்கூடிய பொருளா அது! ஆயினும் அவ்வன்னை ஆடை தைத்துப் பெற்ற பணத்தை மூன்று ஆண்டுகள் சேர்த்து, 300 டொலருக்கு மடிக்கணனி வாங்கிக் கொடுத்தார். அதற்கு மின்னேற்ற மகன் மூன்று மணிநேரம் நடந்தார். தாமே கற்று, 'சலாம்' என்னும் விளையாட்டை ஆக்கினார். அரபு மொழியில் அச்சொல் சமாதானத்தைக் குறிக்கும் என்பதை எம் அயலூரார்க்குச் சொல்லவேண்டியதில்லை.

அவ்விளையாட்டில் ஆடுபவரே அகதியாகின்றார். குண்டுக்குத் தப்பி ஓடவேண்டும். நீரும் உணவும் மருந்தும் தேடவேண்டும். அவற்றை வாங்க அவர் செலவிடும் மெய்ப்பணம் மெய்யான அகதிகளுக்கு உதவவேண்டும் என்பது மாயெனின் திட்டம். பின்னர் அமெரிக்கா சென்ற அவரை, அங்கு நிகழ்ந்த பெரிய கணனி விளையாட்டுப் பரிசு விழாவொன்று 2018-இல் பாராட்டியது.

நிற்க. அந்த ஓட்டம் காரைதீவார்க்குப் புதிதன்று. 1985 சித்திரைக் கலவரத்தில் ஓடினோம்; 1990-இலும் ஓடினோம்; 2004 மார்கழி 26-இல் கடலுக்கு அஞ்சி ஓடினோம். அயலிலுள்ள முஸ்லிம் மக்களும் அவ்வாறே ஓடிய நாட்கள் உண்டு. எம் ஓட்டத்தில் நீர் விலைக்குக் கிடைத்ததில்லை. கொடுத்தவர் சும்மா கொடுத்தனர். இந்த ஒன்றை மாயெனுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

மட்டக்களப்பு நாட்டிற் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு கொம்புமுறி என்றொரு விளையாட்டு வழங்கி வந்தது. ஊரார் வடசேரி, தென்சேரி எனப் பிரிவர்; முன்னது கோவலன் கட்சி, பின்னது கண்ணகி கட்சி. வளைந்த இரு கொம்புகளைக் கொளுவி, வடம் பூட்டி இருபுறமும் இழுப்பர். எவர் கொம்பு ஒடிகின்றதோ அவர் தோற்றவர். வென்றோர் தோற்றோரை நையாண்டி செய்து பாடுவர். அன்று அதற்குக் கோபிப்பது முறையன்று. மழை பெய்யவும் நோய் நீங்கவுமே இவ்வளவும். ஆதலின் எவர் தோற்பினும் மழை இரு சேரிக்கும் பொது.

விஞ்ஞானம் கற்ற விபுலாநந்த அடிகள், 1947-இல் வெளியான யாழ் நூலில், வழக்கொழிந்த யாழைக் கணக்கின் துணையால் ஆராய்ந்து காட்டினார். அவர் பிறந்த ஊரின் மாணவர் கொம்புமுறியைக் கணனியில் ஏற்றுதல் இயலாததன்று. வடத்தின் ஒரு முனையைக் காரைதீவு மாணவனும், மறுமுனையை மாளிகைக்காட்டிலோ நிந்தவூரிலோ உள்ள மாணவனும், தத்தம் வீட்டிலிருந்தே பிடிக்கலாம். கணனி வல்ல பழைய மாணவர் எவரேனும் முன்வரின், வடசேரிக்கு ஆள் சேர்த்துத் தர யாம் ஆயத்தம்.