பாக்கு வாசமுள்ள தே

எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்கென்று தனி ருசி இருந்ததில்லை. சீனிக்குத்தான் ருசி. அம்மா கொதிக்கும் தண்ணீரில் தேத்தூளைப் போட்டு வடிகட்டி, டின் பாலைக் கெட்டியாக ஊற்றி, அதற்கு மேலும் இரண்டு கரண்டி சீனி போடுவார். பால் தீர்ந்த நாளில் தே ஓ. அதற்கு மூன்று கரண்டி. ஒட்டுக்கடையில் யாராவது 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். "என்னண்ணே, இனிப்பு நீரா?" சீனி வேண்டாம் என்பவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் நியாயம்.

இதில் அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களைப் போன்ற வீடுகளுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் தூள். தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது கடைசியில் விழும் மிகச் சிறிய துகள். அது சட்டென்று நிறம் கொடுக்கும், சட்டென்று கடுத்தும் போகும். அந்தக் கடுப்பை அடக்கப் பாலும் சீனியும் வேண்டும். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போன தாத்தா பாட்டிகளுக்குக் காலைப் பசியைத் தள்ளிப்போட்டதும் இந்த இனிப்புதான். தோட்டத்தை விட்டு வந்தோம், வேலை மாறியது. மங்கில் இருந்த சீனி மாறவில்லை. இப்போது பல டின்களில் இருப்பது முழுப் பால்கூட இல்லை, செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கலவை.

2019 தேசிய நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அப்பா அந்தக் கணக்கில் ஒருவர். வலது கால் பெருவிரலை எடுத்த பிறகும் தேத்தண்ணியை விடவில்லை. "சீனி இல்லாம குடிக்கிறதுக்குச் சுடுதண்ணியே குடிச்சிட்டுப் போறேன்" என்பார்.

நான் லியூ பாவ் குடித்தது இருபத்து நான்கு வயதில், ஈப்போவில். உடன் வேலை செய்த சீன நண்பர் பழைய நகரத்தில் ஒரு தேயிலைக் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்கார அம்மா கறுத்த இலைகளின் மேல் கொதிநீரை ஊற்றி, அந்த முதல் நீரைக் கீழே கொட்டினார். மறுபடி ஊற்றியதை இரண்டு வாய் அளவுள்ள கிண்ணத்தில் கொடுத்தார். கறுஞ்சிவப்பு. மழையில் நனைந்த பலகையின் வாசம். கசக்கப்போகிறது என்று நாக்கு தயாராக இருந்தது. கசக்கவில்லை. இனிக்கவும் இல்லை. மண் மாதிரி ஏதோ ஒன்று இறங்கிப் போனது. இதற்கா இவ்வளவு நேரம் என்று நினைத்தேன். நான்காவது கிண்ணத்துக்குப் பிறகுதான் தொண்டையில் லேசான துவர்ப்பும் அதன் பின்னால் ஒரு குளிர்ச்சியும் தங்கியிருப்பதைக் கவனித்தேன். ஒரு தேத்தண்ணியைக் கவனித்துக் குடித்தது அதுதான் முதல் தடவை.

லியூ பாவ் என்பது சீனாவின் குவாங்சி வட்டாரத்தில், வூசோ நகர்ப் பக்கம் உள்ள ஓர் ஊரின் பெயர். இலையை வாட்டி உருட்டி, ஈரத்தோடு குவித்து நொதிக்கவிட்டு, மூங்கில் கூடைகளில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைப்பார்கள். அந்தக் கூடைகள் ஆற்று வழியாக வந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தன. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் அதைக் காய்ச்சி வைத்திருப்பார்கள். வெயிலிலும் சேற்றிலும் நின்ற சீனத் தொழிலாளர்கள் உடல் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மருந்தென்று நம்பிக் குடித்தார்கள். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. 1985இல் ஈயச் சந்தை சரிந்ததும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. கிடங்குகளில் தேங்கிய கூடைகள் பழசாகப் பழசாக விலை ஏறின. கூலிகளின் தே இன்று சேகரிப்பாளர்களின் தே.

அதே பேராக்கில், அந்த லம்பங்களிலிருந்து சில மைல் தள்ளி, எங்கள் ஆட்கள் கித்தா மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாம் சொல்கிற 'தே' ஹொக்கியன் சொல்தான். பக்கத்துக் கூலிக்காரனின் சொல் நம் வாய்க்கு வந்துவிட்டது. அவன் மங்கில் இருந்தது வரவில்லை.

நூறு கிராம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் நீட்டினேன். முகர்ந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார்.

"என்னடா இது, வெத்தலப் பெட்டியத் தொறந்த மாதிரி இருக்கு?"

"பிடிக்கலையாப்பா?"

"அப்படி இல்ல. பாக்கு வாசம் அடிக்குது. உங்க பாட்டிகிட்ட அடிக்குமே, அது."

அடுத்த முறை கடைக்குப் போனபோது இதைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். நல்ல லியூ பாவுக்குச் சீனர்கள் கொடுக்கும் பெரிய பாராட்டே அதுதானாம்: பின்லாங் சியாங், அதாவது பாக்கு மணம். பாக்குக்கு மலாயில் பினாங். பின்லாங் என்ற சீனச் சொல்லே அதன் வழி வந்தது என்கிறார்கள். பினாங்குத் தீவின் பெயரும் பாக்கு மரம்தான். தேயிலையைப் பற்றி ஒரு புத்தகமும் படிக்காத அப்பா ஒரே வாயில் அதைப் பிடித்துவிட்டார்.

எனக்கு இது பல நாள் மனதில் ஓடியது. அறுசுவையில் துவர்ப்புக்கு நாம் இடம் வைத்திருக்கிறோம். ஆனால் என் தலைமுறையின் நாக்கு அதை எங்கே சந்திக்கிறது? எப்போதாவது வாழைப்பூவில். பாட்டிக்கு அது தினமும் மடியில் இருந்தது. வெற்றிலை பாக்கைவிட்டது நல்லதுதான். பாக்கு வாய்ப்புற்றுக்குக் காரணம் என்பது தெரிந்த விஷயம். ஆனால் அந்தச் சுவை போன இடத்தில் நாங்கள் வேறொரு சுவையை வைக்கவில்லை, சீனியைக் கொட்டி மூடிவிட்டோம். இன்னொரு சனத்தின் தேயில் நான் கண்டுபிடித்ததாக நினைத்தது, பாட்டி வாயில் இருந்ததுதான்.

இப்போது எல்லாத் தேயையும் முதலில் வெறுமனே குடித்துப் பார்க்கிறேன். கேமரன் மலையில் 1929இல் தொடங்கிய போ தோட்டத்தில் தமிழர்கள் தலைமுறைகளாகப் பறித்த இலை அது. பாலும் சீனியும் இல்லாமல் அதற்கு என்ன ருசி என்று இருபத்து நான்கு வயதுவரை எனக்குத் தெரியாது. கொஞ்சம் கடுப்பு, கொஞ்சம் துவர்ப்பு, சூடு ஆறியதும் மரப்பட்டை மாதிரி ஒரு வாசம். நன்றாகவே இருக்கிறது.

அப்பா காலையில் இன்னமும் டின் பால்தான். அதற்காகச் சண்டை போடுவதை விட்டுவிட்டேன். சாயங்காலம் மட்டும் குரல் கொடுப்பார்: "அந்தப் பாக்குத் தண்ணியக் கொஞ்சம் போடுடா."