ரேந்தை தந்த விடுதலை

ஈகையுள் சிறந்தது யாது என வினவினால் அன்னதானம் என்பார் சிலர். வித்தியாதானம் என்பார் வேறு சிலர். கைத்தொழில் ஒன்றைப் பயிற்றி, அதன் கூலியை உழைத்தவர் கையிலேயே சேர்ப்பித்தலும் இவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது என்பது என் துணிபு. அத்துணிபை எனக்கு அளித்தது, கடல் கடந்து வந்து நம் நாஞ்சில் நாட்டிற் குடியேறிய மார்த்தா மால்ட் அம்மையாரின் வாழ்க்கையாகும்.

அம்மையார் ஆங்கில நாட்டினர். இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் போதகரின் மனைவியாராய் 1819-ஆம் ஆண்டில் நாகர்கோவில் வந்து சேர்ந்தார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே கப்பல்கள் வந்தன. இங்கு வந்தவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கேயே வாழ்ந்தார். பெண் எழுத்தறிதல் அரிதாயிருந்த அந்நாளில் சிறுமியர்க்கு விடுதிப்பள்ளி நடத்தினார். எழுத்தோடு ரேந்தை பின்னுதலையும் கற்பித்தார்.

ரேந்தைக்குத் தறியும் வேண்டா. ஊசியால் தைத்தலும் வேண்டா. திண்டு ஒன்றின்மேல் துளையிட்ட மாதிரித்தாளைப் பொருத்தி, துளைதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றி இட்டுப் பின்னுவர். நாகர்கோவிலிற் பிறந்து தேங்காய்ப்பட்டணத்தில் வாழ்க்கைப்பட்ட என் பாட்டியார் இளமையில் இத்தொழில் செய்தவர். “ஒரு நூல் தவறினால் பூ முழுவதும் தவறும்” என்பார். கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்பும் நாளில் தம் நடையே வேறாயிருக்கும் என்று சொல்லி நகைப்பார்.

அந்நடையின் பொருளை முழுதும் உணர வேண்டின், அம்மையார் காலத்துத் திருவிதாங்கூரை நினைத்தல் வேண்டும். அங்கு அடிமை முறை 1855-ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் அடிமைப்பெண்ணின் உழைப்பு அவளை உடையவனுக்கே உரியது. அத்தகைய சிறுமியருள் சிலர் ரேந்தைக் கூலியைச் சிறுகச் சேர்த்து, தம் விலையைத் தாமே கொடுத்து விடுதலை பெற்றனர். சட்டம் வருமுன்னரே நூல் அவர்தம் தளையை அறுத்தது.

“சீமாட்டிகளின் ஆடைக்கு அணி செய்யும் ஆடம்பரத் தொழில்தானே!” எனச் சிலர் கூறக்கூடும். உண்மையே. ரேந்தையை வாங்கியோர் பெரும்பாலும் ஐரோப்பியர். 1851-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடந்த பெருங்கண்காட்சியிலும் நாகர்கோவில் ரேந்தை வைக்கப்பட்டது. அதனைக் கண்டு வியந்தோர், பின்னிய விரல்களை அறியார். தோள்சீலை அணியும் உரிமைக்காகப் போராடிய சமூகத்துப் பெண்கள் பிறர் ஆடைக்கு அழகு செய்தனர். அவ்வுரிமை பற்றிய அரசின் பிரகடனம் 1859-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. இம்முரண்பாடு நெஞ்சை வருத்துகின்றது. எனினும், வாங்கியவர்க்கு ஆடம்பரமாயிருந்த பொருள் செய்தவளுக்கு உயிர்நிலையாயிருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அம்மையார் இரக்கத்தோடு நின்றிருந்தால் நல்லவர் என்று மட்டும் போற்றப்பட்டிருப்பார். அவரோ நூல், பயிற்சி, விற்பனை, கூலி ஆகிய நான்கையும் ஒருங்கு இணைத்தார். அதனாலன்றோ பிறர் கையை எதிர்பார்த்திருந்த சிறுமி தன் கையை நம்பக் கற்றாள்!

நண்பர்களே, ரேந்தையாயினும் கயிறாயினும் ஒரு பொருள் என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்பதோடு நாம் அமைதல் ஆகாது. அவ்விலையுள் எவ்வளவு செய்தவள் முந்தானையில் முடியப்பட்டது என்றும் கேட்டல் வேண்டும். அக்கேள்வி உள்ளவரை அம்மையாரின் பணி முடிந்ததன்று.