உச்சி வெயில் சமைக்கும் ஓசோன்

செப்டம்பர் 16 வந்தால் கல்லூரிகளில் ஓசோன் தின போஸ்டர் போட்டி. பூமிக்கு ஒரு குடை, குடையில் ஓட்டை. இதைத்தானே வரைவோம்? அது வானத்து ஓசோன். 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் மெல்லத் தேறி வருகிறது. நான் பேச வந்தது நாம மூச்சு விடுற காற்றில் இருக்கும் ஓசோனைப் பற்றி.

இதை எந்த சைலன்சரும் நேரடியாகக் கக்குவதில்லை. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயின்ட், தின்னரிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன. 1950களில் லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தை ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தவர் ஹாகன்-ஸ்மித்.

எனக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். "உனக்கென்னடா, மலைக்காத்து, பக்கத்துல கடல்!" என்பார்கள் ஹாஸ்டல் நண்பர்கள். கணக்கு அவ்வளவு சுலபமில்லை. ஜிஎஸ்டி சாலை மாதிரி நெரிசலான இடத்தில், புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடே ஓசோனைத் தின்றுவிடும். அந்தக் காற்று நகரத்தைத் தாண்டி வரும் வழியில்தான் ஓசோன் சேரும். அதனால் நகரத்தைவிடச் சுற்றியுள்ள ஊர்களில் அளவு கூடலாம். வாடை வீசும் மாதங்களில் எங்களுக்குக் காற்று சென்னைப் பக்கமிருந்துதான் வருகிறது.

எங்க ஊரில் ஒரு காலத்தில் உச்சி வேளையில் கழுகு வருதா என்று வானத்தைப் பார்ப்பார்கள். இப்போது கழுகு வருவதில்லை. அந்தப் பழியை ஓசோன் மேல் போட மாட்டேன். ஆனால் உச்சி வெயிலில் எனக்கு வேறு கவலை. என் தம்பிக்கு வீசிங் உண்டு. பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது மதியம் இரண்டு மணிக்கு. ஓசோன் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். வாயு என்பதால் துணி மாஸ்க்கும் தடுக்காது. விளையாடாதே என்று சொல்லவில்லை, மேட்சைக் காலை ஏழு மணிக்கு மாத்து என்றேன். அப்பாவின் நெல்லை எங்கே மாற்றுவது? இலைத்துளை வழியே நுழையும் ஓசோன் விளைச்சலையும் குறைக்கும்.

2009 விதிப்படி இந்தியாவில் எட்டு மணி நேர சராசரி வரம்பு, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அளக்கும் நிலையங்களோ ஆலந்தூர், மணலி, வேளச்சேரி என்று பெரும்பாலும் நகரத்துக்குள்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? ஒரு ஓசோன் சென்சாரை உங்க ஊர் மொட்டை மாடியில் ஒரு மாசம் வைங்க. வர்ற எண்ணை ஊருக்குச் சொல்லுங்க.